கடைசிப் பக்கம் வராத பட்டியல்

காலை ஆறு மணிக்கு ஆபீஸ் பூட்டைத் திறந்ததும் தாமோதரன் நேராகப் போய் ஸ்டெபிலைசர் சுவிட்சைத் தட்டுவான். ஜன்னலைத் திறப்பது, பெருக்குவது, முகம் கழுவுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். கம்ப்யூட்டர் கண் விழித்து வேலைக்கு வருவதற்குள் அவன் பக்கத்து டீக்கடையில் நாஷ்டாவே முடித்துவிட்டு வந்துவிடலாம். அவ்வளவு நேரம் பிடித்தது.

உத்திரமேரூரில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டித் திருப்புலிவனம் போகிற ரோட்டில், தாய் சேய் நலத்துக்கென்று ஒரு அறக்கட்டளை நடந்துகொண்டிருந்தது. முப்பத்தெட்டு கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஊசி போடுவது அதன் வேலை. எண்பத்தேழாம் வருஷம் யாரோ வெளிநாட்டு நன்கொடையாளர் புண்ணியத்தில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அந்த வட்டாரத்தில் அதற்கு முன் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வந்த புதிதில் ஜாதகம் கணித்துத் தருமா என்று கேட்டுக்கொண்டு திருப்புலிவனத்திலிருந்தே நாலு பேர் வந்தார்கள்.

தாமோதரனும் திருப்புலிவனத்துக்காரன்தான். ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சை உள்ள குடும்பம். டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தான், ரேடியோ ரிப்பேரும் கொஞ்சம் கைவந்திருந்தது. அந்த இரண்டையும் பார்த்துத்தான் டாக்டர் வேதா அவனைத் தேர்ந்தெடுத்தார். சென்னையிலிருந்து வந்த இன்ஜினீயர் மூன்று நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு, முப்பது பக்கக் குறிப்பு ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போனார். அதற்கு முன் ஐந்து வருஷமாக நோட்டுப் புத்தகங்களிலும் அட்டைகளிலும் இருந்த எல்லாக் குழந்தைகளையும் எல்லாத் தாய்மார்களையும் ஒருவர் விடாமல் அவன் அதில் ஏற்றினான். எட்டு மாதம் ஆனது. ஊரில் அவனுக்குக் கம்ப்யூட்டர்காரன் என்றே பெயராகிவிட்டது. அவன் மனைவி சுலோச்சனாவைக் கடைத்தெருவில் பார்த்தவர்கள்கூடக் கம்ப்யூட்டர்காரர் சம்சாரம் என்றார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்தக் கம்ப்யூட்டர் தினமும் செய்யவேண்டிய காரியம் ஒன்றே ஒன்று. காலையில் எழுந்ததும் இன்றைக்குப் போகிற கிராமங்களில் யார் யாருக்கு ஊசி பாக்கி என்று தானே கணக்குப் போட்டுப் பட்டியல் அடித்துத் தரவேண்டும். அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு, அதற்கேற்ப மருந்து எண்ணி ஐஸ் பெட்டியில் வைத்து, ஏழரைக்கு ஜீப் கிளம்பும். எட்டரைக்கு மேல் போனால் பெண்கள் கழனிக்குப் போய்விடுவார்கள். ஒருத்தியையும் பிடிக்க முடியாது.

முதல் சில மாதம் ஐந்தே நிமிஷத்தில் பிரிண்டர் கிரீச்சிட ஆரம்பித்துவிடும். நோட்டுகளெல்லாம் ஏறி முடிந்த எண்பத்தெட்டு பொங்கலுக்குப் பிறகு அது கால் மணி நேரமானது. சித்திரையில் அரை மணி. ஆடியில் ஐம்பது நிமிஷம். பச்சைத் திரையில் காத்திருக்கவும் என்று பொருள்படும் இங்கிலீஷ் வார்த்தை மட்டும் மின்னி மின்னி நிற்கும். நடுவில் கரண்ட் ஒரு தடவை கண் சிமிட்டினால் போதும், மறுபடி முதலிலிருந்து.

"இன்னா தாமு, ரெடியா?" என்று ஜீப் டிரைவர் கன்னியப்பன் ஜன்னலில் தலையை நீட்டுவான்.

"இன்னும் யோசிச்சிக்கினு கீதுப்பா."

"இதோட பெரிய பேஜாரா பூட்ச்சே. முன்னெல்லாம் நோட்டப் பாத்து எழுதிக்கினு ஏழு மணிக்கே கெளம்பிடுவோம்."

தாமோதரன் சும்மா இருக்கவில்லை. சென்னைக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டான். தூசி இருக்கும் என்றார்கள். மூடியைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி, உள்ளே செருகியிருந்த பலகைகளின் பல்லையெல்லாம் ரப்பரால் துடைத்துத் திரும்பப் பொருத்தினான். மாற்றமில்லை. வோல்டேஜ் குறைவு என்றார்கள். ஸ்டெபிலைசரை மாற்றினான். அப்போதும் அப்படியே. ஒரு நாள் இன்ஜினீயரே வந்து பார்த்தார். உள்ளே சுழல்கிற ஹார்ட் டிஸ்க் தேய்ந்துவிட்டது, புதுசுதான் வாங்கவேண்டும், நன்கொடையாளருக்கு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் போய்விட்டார். டாக்டர் வேதா எழுதினார். பதில் வருவதற்காக எல்லாரும் காத்திருந்தார்கள். காத்திருக்கக் காத்திருக்க அந்தத் தாமதம் எல்லாருக்கும் பழகிப்போயிற்று.

பழகியது இப்படித்தான். பட்டியல் பன்னிரண்டு பக்கம் வரும். ஏழரை மணிக்கு எட்டோ ஒன்பதோ பக்கம் வந்திருக்கும். கன்னியப்பன் ஹாரன் அடிப்பான். நர்ஸ் சிட்டம்மாள் வந்த வரைக்கும் கிழித்து வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிடுவாள். மிச்சப் பக்கங்கள் ஜீப் போன பிறகு வரும். தாமோதரன் அவற்றைக் கிழித்து, பிரிண்டருக்குப் பக்கத்தில் இருந்த அட்டைப் பெட்டியில் போடுவான். மறுநாள் வேறு ஊர், வேறு பட்டியல். பத்து மணிக்கு டாக்டர் வேதா வந்து, "லிஸ்ட் வந்துதா தாமோதரன்?" என்று கேட்பார். "வந்துடுச்சி டாக்டரம்மா" என்பான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்தச் சித்திரையில் சுலோச்சனாவுக்கு நாலு மாதம். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து உண்டான கர்ப்பம். தாமோதரனே அவள் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். டெட்டனஸ் என்கிற ரணஜன்னி தாயையும் பிறக்கிற குழந்தையையும் தாக்காமல் இருக்கக் கர்ப்பத்தில் இரண்டு தடவை ஊசி போடவேண்டும்; அதற்கு, திருப்புலிவனத்துக்கு ஜீப் போகிற செவ்வாய்க்கிழமைதான் நாள்.

ஆனி மாதம் ஒரு நாள் சிட்டம்மாள் கேட்டாள்: "தம்பி, உம் பொண்டாட்டி பேரு லிஸ்ட்டுல காணமே?"

"கடைசி பக்கத்துல இருக்கும்க்கா. இன்னைக்கு வர்றதுக்குள்ள நீங்க கெளம்பிட்டீங்க."

"சரி, அடுத்த வாரம் எட்த்துக்கினு போறேன். நம்ம பொண்ணுதானே."

அடுத்த வாரம் நினைவாக ஒரு மருந்து கூடுதலாக எடுத்துக்கொண்டுதான் போனாள். அன்றைக்கு வீடு பூட்டியிருந்தது. சுலோச்சனா ராஜகுளத்தில் தாய்வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அதற்கப்புறம் சிட்டம்மாளுக்கு வேலைப் பளுவில் மறந்தது. தாமோதரன் சிட்டம்மாள் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். நம் ஆபீஸ், நம் மனுஷர்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. சுலோச்சனாவோ, அவசியமானால் இவரே கூட்டிக்கொண்டு போகமாட்டாரா என்று இருந்துவிட்டாள்.

ஆவணியில் அவளைப் பிரசவத்துக்கு ராஜகுளம் அனுப்பினார்கள். புரட்டாசி பிறந்து பத்தாம் நாள், வீட்டிலேயே, சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது. தாமோதரன் காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் பார்த்தான். நல்ல நிறம். நெற்றி முழுக்க முடி. அவன் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. லீவு இல்லாததால் மறுநாளே திரும்பி வந்து, ஆபீஸில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்து, குழந்தையின் பதிவைத் தன் கையால் தட்டச்சு செய்தான். இன்னும் பெயர் வைக்காததால், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பெண் குழந்தை என்று போட்டான்.

ஆறாம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை. வாயைத் திறக்க முடியவில்லை. தொட்டால் உடம்பு வில்லாக வளைந்தது. காஞ்சிபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டு ஓடினார்கள். எட்டாம் நாள் காலை, தாமோதரன் போய்ச் சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால், முடிந்துவிட்டது. சுலோச்சனா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை முழுக்கப் பால் கசிந்து நனைந்திருந்தது. அவனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள், அழவில்லை.

பத்து நாள் கழித்து அவன் வேலைக்கு வந்தான். கன்னியப்பன் டீ வாங்கிவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனான். கார்த்திகையில் சுலோச்சனாவும் திருப்புலிவனத்துக்கு வந்துவிட்டாள். சமைத்தாள், தண்ணீர் எடுத்தாள், மாட்டைப் பார்த்துக்கொண்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

அந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சிட்டம்மாள் லீவு. அவளுக்குப் பதிலாகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஆதிலட்சுமி என்ற பெண் பட்டியலோடு போனாள். வாலாஜாபாத்துப் பெண், இந்த ஊர் சமாசாரம் எதுவும் தெரியாதவள். பட்டியலில் இருந்த வரிசைப்படி ஒவ்வொரு வீடாகப் போனவள் சுலோச்சனாவின் வீட்டுக் கதவையும் தட்டினாள்.

"அம்மா, கொளந்தய எட்த்தாங்க. மூணாவது மாசம் ஆவுது, இன்னும் மொத ஊசியே போடல. இப்டி உட்டா எப்டி?"

சுலோச்சனா ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். ஆதிலட்சுமி, குழந்தையைத் தூக்கிவரப் போயிருக்கிறாள் என்று நினைத்து, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள்.

சாயங்காலம் தாமோதரன் சைக்கிளை நிறுத்துவதற்குள் சுலோச்சனா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"நீங்கதான் எழ்திக் குட்த்தனுப்பினீங்களா?"

"இன்னா எழ்தினேன்?"

"கொளந்தைக்கு ஊசி போடச் சொல்லி."

அவனுக்குப் புரிந்தது. "நான் எழ்தல சுலோச்சனா. அது மிசினு. அதுக்குத் தெரியாது" என்றான்.

"யாரும் அதுங்கிட்ட சொல்லலியா?"

அந்தக் கேள்விதான் அவனைப் பிடித்து உலுக்கியது. யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவன் அவன்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் தனியாக ஆபீஸுக்குப் போனான். இன்ஜினீயர் கொடுத்த முப்பது பக்கத்தையும் அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தான். ஒரு கைக்கடிகாரத்தை முன்னால் வைத்து, சுவிட்சைப் போட்டதிலிருந்து எது எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தான். தன் ஞாபகசக்தியை அது எண்ணிப் பார்ப்பதற்கு முக்கால் நிமிஷம். ஹார்ட் டிஸ்க் சுற்றி வேகம் பிடிக்கக் கால் நிமிஷம். அதன்பின் பட்டியல் போடும் புரோகிராம் தானாகத் துவங்கும் இடத்தில் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தி அதை நிறுத்தினான். இரண்டே நிமிஷத்தில் கம்ப்யூட்டர் தயாராக நின்றது. மறுபடி அணைத்துப் போட்டான். மறுபடியும் இரண்டு நிமிஷம்.

ஆக, இயந்திரத்துக்கு ஒரு நோயும் இல்லை. ஒரு வருஷமாக அதைத் திறந்து துடைத்ததும் திட்டியதும் வீண். தாமதம் முழுக்கப் பட்டியல் போடுவதில்தான் இருந்தது.

குறிப்பின் பதினேழாம் பக்கத்தில் காரணம் கிடைத்தது. ஊசி முடிந்த குழந்தைகள், ஊரைவிட்டுப் போனவர்கள், இறந்தவர்கள் ஆகியோரின் பதிவுகளை மாதம் ஒருமுறை மூடவேண்டும் என்று அதில் இருந்தது. மூடாத பதிவு ஒவ்வொன்றையும் புரோகிராம் தினமும் எடுத்து, பிறந்த நாளிலிருந்து இன்றுவரை எந்தெந்த மாதம் எந்தெந்த ஊசி தவறியது என்று கணக்கிடும். நாள் ஆக ஆகக் கணக்கு நீளும். மூன்று நாளில் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இது விட்டுப்போயிருந்தது. ஒன்றரை வருஷத்தில் ஒரு பதிவைக்கூட அவன் மூடியதில்லை. தினமும் காலையில் அந்தக் கம்ப்யூட்டர் ஐம்பது நிமிஷம் செலவழித்ததில் பெரும்பகுதி, என்றோ செத்துப்போன குழந்தைகளுக்கு எத்தனை ஊசி பாக்கி என்று பார்ப்பதற்காக. அதிக நாள் பாக்கி உள்ளவர்கள் முதலில் என்ற முறையில் அச்சடித்ததால், முதல் பக்கங்களில் அவர்கள்தான் நின்றார்கள். எல்லா வீடும் தெரிந்த சிட்டம்மாள் அந்தப் பெயர்களைத் தாண்டிப் போய்விடுவாள்.

மறுநாள் சிட்டம்மாளிடம் சொன்னான். பழைய அட்டைகள் எல்லாவற்றையும் பீரோவிலிருந்து இறக்கினார்கள். மத்தியானங்களில், ஜீப் திரும்பிய பிறகு, அவன் திரையில் ஒவ்வொரு பெயராகப் படிப்பான். அவள் அட்டையைப் பார்த்து, யோசித்துச் சொல்வாள்.

"இது மெட்ராஸுக்குப் பூட்டாங்க. மூடிடு."

"கோபால் மவன், ரெண்டு வயசு."

"பேதியில பூட்ச்சி தம்பி. போன வருசம்."

"பெண் குழந்தை, பேரு இல்ல."

"எட்டாம் நாளு."

"ஆண் குழந்தை, பேரு இல்ல."

"அதுவும் எட்டாம் நாளுதான்."

ஒன்பது நாள் ஆனது. நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள் இறந்திருந்தன. அவற்றில் பிறந்து பத்து நாளைக்குள் ரணஜன்னி கண்டு போனவை நூற்று முப்பத்தொன்று. அத்தனைக்கும் தாயின் அட்டையில் ஊசிக் கட்டம் காலி. ஐந்து வருஷமாக வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்திருந்த அந்தக் கணக்கு, எண்பத்தெட்டில் மட்டும் திடீரென்று ஏறியிருந்தது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் நாற்பத்தொன்று.

தாமோதரன் எழுந்து போய் அட்டைப் பெட்டியைத் திறந்தான். ஜீப் போன பிறகு அவன் கிழித்துப் போட்ட பக்கங்கள் அப்படியே மடிப்புக் கலையாமல் இருந்தன. குழந்தைகளை முதலிலும் கர்ப்பிணிகளைக் கடைசியிலும் அடிக்கும்படிதான் புரோகிராம் எழுதப்பட்டிருந்தது. பெட்டியில் இருந்த பெயர்கள் அனைத்தும் கர்ப்பிணிகளின் பெயர்கள். தேதிவாரியாகத் தரையில் பரப்பிச் செவ்வாய்க்கிழமைப் பக்கங்களை மட்டும் பொறுக்கினான். சுலோச்சனா, கணவர் தாமோதரன், முதல் ஊசி பாக்கி. அடுத்த செவ்வாய் அதே வரி. அதற்கடுத்தும் அதே வரி. எண்ணிப் பார்த்தான். பதினோரு தடவை. பதினோரு தடவையும் அவன் கையால்தான் கிழித்திருக்கிறான். ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

சிட்டம்மாள் அவனைப் பார்த்துவிட்டு அருகில் வந்து குனிந்து படித்தாள். "நான் ஒரு எட்டு திரும்பப் போயிருக்கலாம் தம்பி" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் வேதா எல்லாத் தாள்களையும் வாங்கிப் பார்த்தார். கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்து, வீட்டார் எதிர்ப்பை மீறி டாக்டருக்குப் படித்து, பிறந்த மண்ணுக்கே திரும்பி வந்தவர்.

"ஊசிக் கணக்கு குறையறதே, பொம்மனாட்டிகள் பயந்துண்டு வரமாட்டேங்கறான்னு நினைச்சேன்" என்றார். "லிஸ்ட் வந்துதான்னுதான் தினம் கேட்டேன். முழுசா வந்துதான்னு ஒரு நாள் கேக்கலையே, தாமோதரன்."

"தப்பு எம்மேலதான் டாக்டரம்மா. என்னை நிறுத்திடுங்க."

"நிறுத்திட்டு? நாளைக்கு லிஸ்ட் யார் போடுவா?" என்றவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "கர்ப்பிணிகள் பேர் முதல்ல வரமாதிரி பண்ண முடியுமா உன்னால?"

முடிந்தது. புரோகிராமில் இரண்டு பகுதிகளை இடம் மாற்றவேண்டியிருந்தது. இரண்டு நாள் தடவித் தடவி அதைச் செய்தான். இறந்த குழந்தைகளின் பதிவுகளை ஒவ்வொன்றாக மூடினான். திருப்புலிவனம் வந்தபோது, மற்றவற்றை மூடியதுபோலவே தன் குழந்தையினதையும் மூடினான். அதற்கென்று நின்றால் மேற்கொண்டு செய்யமுடியாது என்று பயம். மறுநாள் காலை ஆறே காலுக்குப் பட்டியல் முழுதும் அவன் கையில் இருந்தது. நாலு பக்கம். கன்னியப்பன் வந்து பார்த்து, "இவ்ளோதானா?" என்றான். அவனிடம் யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

சுலோச்சனாவிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று தாமோதரன் ஒரு வாரம் நினைத்தான். சிட்டம்மாளும் அதைத்தான் சொன்னாள். ஆனால் அவள் சோறு போடும்போது அவனால் தலை நிமிர்ந்து சாப்பிட முடியவில்லை. ஒரு மத்தியானம் களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்று, ஒன்று விடாமல் சொன்னான். ஊசி எதற்கு, பட்டியல் எப்படி, பெட்டியில் என்ன இருந்தது, எல்லாம்.

அவள் காலால் நெல்லைத் துழாவுவதை நிறுத்தவில்லை. களத்தின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்து கேட்டாள்.

"பதினோரு வாட்டி எம் பேரு வந்துச்சா?"

"ஆமா."

"நான் வூட்டுலதான் இருந்தேன். எங்கியும் போவல. ஒரு வாட்டிதான் கல்யாணத்துக்குப் போனேன்."

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே நடந்து வந்திருப்பேனே. ரோட்டு மேலதான கீது உங்க ஆபீசு."

மறுநாள் அவள் ராஜகுளத்துக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. மாட்டுக்குத் தீவனம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எண்பத்தொன்பதில் அந்த முப்பத்தெட்டு கிராமத்திலும் ஜன்னியில் போன குழந்தைகள் மூன்று. டாக்டர் வேதா அந்தக் கணக்கை ஆபீஸ் சுவரில் ஒட்டினார். ஒரு கூட்டத்தில் தாமோதரனை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போடவேண்டும் என்று சிலர் சொன்னபோது அவன் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை. அவன் தினமும் பட்டியலைக் கிழித்தபின் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்திருந்தான். படித்து முடிக்கும்வரை கன்னியப்பன் ஹாரன் அடிக்கமாட்டான்.

நாலு மாதம் கழித்து, சித்திரை வெயிலில், சுலோச்சனா தானாகவே பஸ் ஏறித் திரும்பி வந்தாள். அவன் போய்க் கூப்பிடவும் இல்லை; கூப்பிட அவனுக்குத் தைரியம் வந்திருக்கவில்லை. பெட்டியை உள்ளே வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அதன்பின் அவர்கள் ஒன்றாகத்தான் இருந்தார்கள். வேறு குழந்தை பிறக்கவில்லை. அந்த விஷயத்தை அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். அவள் வந்து சில நாள் ஆகியிருக்கும். சாப்பிட்டுவிட்டு அவன் கை கழுவிக்கொண்டிருந்தபோது, தட்டை எடுக்க வந்தவள் கேட்டாள்.

"இப்ப எம்மா நேரம் ஆவுது, அது எழுந்துக்க?"

"லிஸ்ட் அடிக்க ஆரம்பிக்க நாலு நிமிஷம்."

"நாலு நிமிஷம்" என்று அவளும் சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கிறவரை தாமோதரன் கையைத் துடைக்காமல் அங்கேயே நின்றிருந்தான்.